அண்ணான்னு கூப்பிட்டும்

குக்கர் மூடியைத் திருப்பிப் பூட்டி, சரியாக உட்கார்ந்ததா என்று சந்தேகம் வந்து மறுபடி கழற்றி, கேஸ்கட்டை விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்து, மறுபடியும் பூட்டிவிட்டு பியூலா அடுப்பைப் பற்றவைத்தாள். மூன்று விசில். அதற்குள் சாலமோன் சோற்றுக்கு வந்துவிடுவான். வந்ததும் கேட்பான். இல்லை, கேட்கமாட்டான், நேற்றே கேட்டாயிற்று, அவளும் ம் என்று சொல்லியாயிற்று, அந்த ம் காதில் விழுந்ததும் அவன் முகம் கரண்டு வந்த வீடு மாதிரி ஆகிப்போய், கையோடு போனை எடுத்து, வர்றாளாம்டா மச்சான் என்று பாட்டுக் குழுவில் கூட இருக்கிற நிரஞ்சனுக்குச் சொல்லியும் ஆயிற்று. அவள் சொன்னது சரி என்கிற ம் இல்லை. நீ சொல்வது காதில் விழுகிறது, பாப்பாவுக்கு இன்னும் நாலு வாய் ஊட்ட வேண்டியிருக்கிறது, கொஞ்சம் பொறு என்கிற ம். அதை இனி எப்படித் திரும்ப வாங்குவது. சாயங்காலம் வண்டி வரும். ஏறிப் போகவேண்டும். மேடையில் நின்று அந்த ஒரே ஒரு வரியைச் சொல்லவேண்டும். அண்ணா, குக்கர் மட்டும் எடுத்துக்கறேண்ணா. அவ்வளவுதான், சொல்லிட்டு இறங்கிடலாம், பாப்பாவக்கூட இடுப்புல வச்சுக்கலாம், வச்சுக்கினா இன்னும் நல்லதுன்னு நிரஞ்சன் சொல்றான் என்றான் சாலமோன். யாருக்கு நல்லது. பஸ்ஸில் அவள் ஸ்டாப்பிங் வந்தால்கூட இறங்கணும் என்று சொல்ல வாய் வராமல் அடுத்த ஸ்டாப்பிங்கில் யாராவது இறங்கும்போது கூடவே இறங்கி, வெயிலில் திரும்பி நடந்து வருகிறவள் அவள். அவ்வளவு ஜனத்துக்கு முன்னால், அவ்வளவு விளக்குக்கு முன்னால், வாயைத் திறந்தால் காற்றுதான் வரும். காற்று வந்தால்கூடப் பரவாயில்லை. பயம் அது இல்லை. காலையில் செண்பகம் வந்துவிட்டுப் போனதிலிருந்து பயம் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது, எங்கே உட்கார்ந்திருக்கிறது என்றுதான் தெரியவில்லை.

தூளியில் பாப்பா ஜெமிமா ஒரு காலை வெளியே நீட்டிக்கொண்டு தூங்கினாள். சாலமோனின் பழைய போன், கண்ணாடி விரிசல் விட்டது, உப்பு டப்பாவின்மேல் சாய்ந்துகொண்டு நின்றது. அதில் அவன் குழுவின் பாட்டு ஓடவில்லை, பாட்டுக்குக் கீழே ஜனங்கள் எழுதியது ஓடியது. தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. எட்டாவதில் பாதியோடு நின்றவள் அவள். தமிழ் என்றால் எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவாள். தமிழையே இங்கிலீஷ் எழுத்தில் எழுதியிருந்தால் வாய்க்குள் மெல்லச் சொல்லிப் பார்த்தால் பிடிபடும். முழு இங்கிலீஷ் என்றால் பொம்மையைப் பார்ப்பதோடு சரி. நெருப்பு, மண்டையோடு, உடைந்த இதயம். எங்கோ பனி பெய்கிற நாட்டிலிருந்து ஒருவன் எழுதியிருக்கிறான், பாஷை தெரியாது, ஆனால் அந்தப் பெண் பேசும் இடத்தில் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன் என்று, சாலமோன்தான் படித்துச் சொன்னான். ராத்திரி ராத்திரி அவன் இதைத்தான் செய்கிறான், பாப்பா தூங்கியதும் சுவரில் சாய்ந்துகொண்டு ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டுவான். திட்டுகிறவனையும் விடமாட்டான். பாட்டில் எதுக்குடா அரசியல், கிட்டார் நல்லா இருக்கு, வாயை மூடிக்கினு வாசிங்க என்று ஒருவன். அரசியல் இல்லைன்னா இவனுங்க பாட்டுல என்ன இருக்கு, வெறும் இரைச்சல் என்று அவனுக்குக் கீழே ஒருவன். இரைச்சல்தாண்டா அரசியல் என்று அதற்கும் கீழே ஒருவன், அவனுக்கு நூறு பேர் இதயம் போட்டிருந்தார்கள். மாடி வீடு கட்டிக் கொடுத்தாச்சே இன்னும் என்னத்துக்கு அழுகை என்று ஒருவன். நீ வந்து லிப்டு ஓடாத ஏழாவது மாடிக்கு சிலிண்டரைத் தூக்கு என்று ஒருத்தி. முதல் ஆல்பம் இதைவிடக் கனம், இப்ப பேருக்கு ஆசைப்பட்டு இறங்கிட்டாங்க என்று ஒருவன். டிரம் மனுஷன் அடிச்சதே இல்லை, கம்ப்யூட்டர் அடிச்சது என்று ஒருவன், இதற்கு மட்டும் சாலமோனுக்குக் கோபம் வந்து சுவரைப் பார்த்துச் சிரித்தான். அந்தப் பொம்பளை நடிகை, ஸ்டூடியோவில் உட்கார்த்திப் பேசவச்சு பின்னாடி சத்தம் சேர்த்திருக்காங்க என்று ஒருவன் எழுதியதை அவன் படித்தபோது பியூலாவுக்குச் சுருக்கென்றது. அப்புறம் யோசித்தால், சுருக்கென்று ஏன் ஆகவேண்டும். அவன் சொன்னதில் பாதி சரிதானே. அவளைப் பேசவைக்கவில்லை, பேசியது அவள்தான். பின்னால் சத்தம் சேர்த்தது மட்டும் நிஜம். எந்த இடத்தில் சேர்த்தார்கள் என்பதுதான் விஷயம்.

ஆல்பத்துக்குப் பெயர் ஆக்கிரமிப்பு. கால்வாய்க்கரையில் அவர்கள் பழைய வீட்டுச் சுவரில், இடிக்கப்போவதாக ஒட்டியிருந்த நோட்டீசில் பெரிய எழுத்தில் இருந்த சொல் அது, அவள் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, யாரு எதை, யாரு எதை என்று சாலமோனைக் கேட்டாள், அவன் அதற்குப் பதிலை அப்புறம் பாட்டாகச் சொன்னான். சொன்னான் என்றால், கத்தினான். காலையில் தண்ணீர் கேன் போடுகிறவன், வீட்டில் குரல் உயர்த்தி அவள் கேட்டதே இல்லை, குழம்பில் உப்பில்லை என்றால்கூடத் தானே எழுந்துபோய் எடுத்துப் போட்டுக்கொள்வான், அவனுக்குள் இருந்துதான் அந்தச் சத்தம் வருகிறது. பீரோ கதவைத் திறந்து, தொங்குகிற புடவைகளுக்குள் முகத்தை விட்டுக்கொண்டு கத்திப் பழகுவான். இங்கே குடிவந்த புதிதில், கரையில் தள்ளியிருந்து இங்கே எதிர்வீட்டுக்கு வந்த லில்லியக்கா அவளைப் படிக்கட்டுக்கு இழுத்துப்போய், அடிக்கிறானாடி, பயப்படாம சொல்லு, நாங்க இருக்கோம் என்றாள். இல்லக்கா, பாட்டு. லில்லியக்கா அவள் கையைத் திருப்பிக் கன்னத்தைத் திருப்பிக் காயம் தேடினாள். ஒன்றும் இல்லை என்றானதும் கொஞ்சம் ஏமாந்த மாதிரிகூட இருந்தது. இப்போது மாடி முழுக்கப் பழகிவிட்டது, சாலு பாடுது, கதவ சாத்து என்பார்கள். பாட்டில் அவன் சொல்வது தமிழ்தான், ஆனாலும் அவளுக்குப் பாதி பிடிபடாது, பல்லுக்கு நடுவில் அரைபட்டு வரும். பிடிபடுவது அவள் குரல் மட்டும்தான். ஏழாவது பாட்டு. எல்லாச் சத்தமும் ஒரே சமயத்தில் நிற்கும். கொரகொரவென்று, வீடு இடித்த அன்றைக்குப் போனில் பிடித்த இரைச்சல், பொக்லைன் உறுமல், அதற்குள் இவள். அண்ணா, குக்கர் மட்டும் எடுத்துக்கறேண்ணா. மூச்சு விடுவதற்குள் எல்லாம் ஒன்றாக விழும், டிரம், கிட்டார், சாலமோன், மேலே இருந்து சுவர் விழுகிற மாதிரி. அந்த இடத்துக்குப் பிரேக்டவுன் என்று பெயராம். இந்த வகைப் பாட்டில் அதுதான் உயிராம், அதற்காகத்தான் ஜனம் காத்துக்கொண்டிருக்குமாம், யாராவது ஒரு சொல் பேசவேண்டும், உடனே விழவேண்டும். முதல் தடவை கேட்டபோது அவளுக்கே, வீடு அப்படித்தான் விழுந்தது என்று தோன்றியது. பிறகுதான், இல்லையே, நடுவில் ஒன்று இருந்ததே, அது எங்கே போயிற்று என்று, சாவி வைத்த இடம் மறந்த மாதிரி தேட ஆரம்பித்தாள். யாரிடமும் கேட்கவில்லை. ஜனங்கள் எழுதியதிலேயே மேலே மேலே நின்றுகொண்டிருந்தது ஒரு வரி, தள்ளிவிட்டாலும் திரும்பி மேலே போனால் அதுதான் முதலில் நிற்கும், ஆயிரக்கணக்கான இதயத்தோடு. அண்ணான்னு கூப்பிட்டும் இடிச்சான் பாரு.

அண்ணான்னு கூப்பிட்டும் இடிச்சான் பாரு. அரிசி களையும்போது அது ஓடுகிறது. துணி அலசும்போது ஓடுகிறது. அதற்குக் கீழேதான் ஒருவன், யார்றா அந்த டிரைவர் என்று கேட்டான். இன்னொருவன் அன்றைக்கு யாரோ எடுத்த வேறொரு வீடியோவிலிருந்து அவர் முகத்தை வெட்டி எடுத்துப் போட்டான். காதுக்குப் பின்னால் பீடி சொருகின முகம், தலையில் துண்டு. பேரு கோதண்டன், நம்ம கால்வாய்க்கு அந்தப்பக்கம்தான் வீடு என்று தெரிந்தவன் ஒருவன் எழுதினான். இவ்வளவும் பியூலா தானாகவே படித்தாள், வாய்க்குள் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லி, கடைசி எழுத்து வந்து பெயர் முழுசானதும் போனைக் கவிழ்த்து வைத்தாள். கவிழ்த்து வைத்தால் பெயர் போய்விடுமா. இன்று காலை அந்தப் பெயரின் பெண்டாட்டி கதவில் வந்து நின்றாள்.

லில்லியக்காதான் கூட்டிக்கொண்டு வந்து காட்டினாள், உன்னத்தான் தேடுது. ஏழு மாடி ஏறின மூச்சு வாங்கியது அந்த அம்மாவுக்கு. தண்ணீர் கொடுத்தால் வாங்கவில்லை, வேணாம்மா என்று கையைப் பின்னால் வைத்துக்கொண்டாள். நான் செண்பகம், கோதண்டன் சம்சாரம். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்றுதான் பியூலா பாப்பாவைத் தூக்கிக்கொண்டாள், பாப்பாவை வைத்திருந்தால் அடிக்கமாட்டார்கள். சண்டை இல்லை. பையன்கள் நாலைந்து பேர் அவர் வேலை செய்கிற இடத்துக்கே போய், அவரைச் சுற்றி நின்றுகொண்டு போனில் பாட்டின் அந்த இடத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டார்களாம். அண்ணா குக்கர், அண்ணா குக்கர். வண்டி முதலாளி, கொஞ்ச நாள் வராத கோதண்டா என்றுவிட்டாராம். அதெல்லாம் போவட்டும்மா, வேலை இன்னொன்னு கிடைக்கும் என்றாள் செண்பகம். கீழே யாரோ குடத்தை இறக்கி வைக்கிற சத்தம் வந்தது. அப்புறம்தான் கேட்டாள்.

"அன்னிக்கு சாயங்காலம் வந்து என்கிட்ட சொல்லிச்சும்மா. ஒரு பொண்ணு குக்கர் எடுக்கப் போச்சு, நான் வண்டிய ஆஃப் பண்ணிட்டு உக்காந்திருந்தேன்னு. ஆபீசர் கத்தினாரு, நான் சாவியையே உருவிட்டேன்னு. நானும் சாமி மாதிரி நம்பினேன். இப்ப பாட்டுல கேட்டா அப்படி இல்லியே. நீ சொல்றே, உடனே இடிக்குது. நீயே சொல்லு. ஆஃப் பண்ணிச்சா, இல்லியா?"

பியூலாவுக்கு வாய் வரவில்லை. வந்திருக்கவேண்டும், ஆமாக்கா என்று ஒரு சொல், அதற்கென்ன பெரிய பாரம். ஆனால் அந்த நேரத்தில் உள்ளே தேடினால் பாட்டுதான் இருந்தது. சொன்னேன், விழுந்தது. அண்ணா குக்கர், டமார். கேட்டுக் கேட்டு அவளுக்கே அது அப்படித்தான் நடந்ததோ என்று ஆகிவிட்டிருந்தது. ஆமா என்று சொல்லி அது பொய்யாகிவிட்டால்? சாலமோன் அன்றைக்குப் போனில் பிடித்தது முழுசும் இப்போது நிரஞ்சன் கம்ப்யூட்டரில்தான் கிடக்கிறது, அதைப் போட்டுப் பார்க்கவும் வழியில்லை. அவள் தலையை ஆட்டினாளா, ஆட்டவில்லையா, ஆட்டியிருந்தால் மேலும் கீழுமா, பக்கவாட்டிலா. செண்பகம் அவள் முகத்தைப் பார்த்தாள். உனக்கும் புருஷன் சொல்றதுதான் பேச்சு, இல்ல என்றாள், கோபமாக இல்லை, வாக்கப்பட்ட இடம் சரியில்லை என்று இன்னொருத்தியிடம் சொல்கிற மாதிரி. இறங்கிப் போனாள். வளையல் சத்தம் ஒவ்வொரு மாடியாகக் கீழே போயிற்று. அப்போதாவது ஓடிப்போய், அக்கா என்று கூப்பிட்டிருக்கலாம். அக்கா என்று கூப்பிட்டும்.

குக்கர் வெயிட் ஒரு தடவை நடுங்கியது. இன்னும் விசில் இல்லை, சும்மா ஆவி. அவள் அடுப்பைக் குனிந்து பார்த்தாள், நீலமாகத்தான் எரிந்தது. குக்கரின் வயிற்றில் இருந்த பள்ளம் இந்தப் பக்கம் திரும்பியிருந்தது, அதை எப்போதும் சுவர்ப்பக்கம் திருப்பி வைப்பாள், இன்றைக்கு மறந்துபோயிற்று. அந்தப் பள்ளம் அன்றைக்கு லாரியில் ஏற்றும்போது விழுந்தது. இடிக்கும்போது விழுந்தது இல்லை. இதுகூடக் கேட்டால் யாராவது இடிக்கும்போது என்றுதான் நினைப்பார்கள். அன்றைக்குக் காலையில் அவள் ஏன் உலை வைத்தாள் என்று சாலமோனே திட்டினான், திட்டினான் என்றால், இன்னா பியூலா நீ என்றான். வருகிறார்கள் வருகிறார்கள் என்று அதற்குமுன் எத்தனை தடவை. ஒவ்வொரு தடவையும் கரையே சாமான் கட்டி வைத்துக்கொண்டு பட்டினியாக உட்கார்ந்திருக்கும், சாயங்காலம் வரை யாரும் வரமாட்டார்கள், பிள்ளைகள் பசியில் அழுது ஓய்ந்து தூங்கிப்போகும். இனிமேல் வந்தாலும் வராவிட்டாலும் சோறு ஆக்கிவிடவேண்டும் என்று அவள் முடிவு செய்து வைத்திருந்தாள். அதே நாளில் வந்துவிட்டார்கள். பீரோ, ஃபேன், தலையணை எல்லாம் வெளியே போயிற்று, சாலமோன் கேனில் தண்ணீர்கூட நிரப்பி வைத்துவிட்டான், பாப்பா அப்போது கைக்குழந்தை, அதை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் வெளியே வந்து நின்றபிறகுதான், பக்கத்து வீடு சரிந்து தூசி முகத்தில் அடித்தபிறகுதான், அடுப்பு எரிகிறது என்ற நினைப்பு வந்தது. வந்ததும் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. யாரிடமும் எதுவும் கேட்காதவள் பொக்லைன் உயரத்துக்கு அண்ணாந்து கேட்டாள். அதற்குப் பிறகு. அதற்குப் பிறகுதான் கிழிந்துபோயிருக்கிறது. உறுமல் இருந்தது. டமார் இருந்தது. நடுவில் அவள் உள்ளே போனாள், அது நிச்சயம், குக்கர் இதோ இருக்கிறதே. உள்ளே இருட்டாக இருந்தது, கூரையில் ஒரு பக்கம் ஷீட் எடுத்துவிட்டதால் ஒரு கட்டை வெயில் அடுப்பின்மேல் விழுந்திருந்தது. அடுப்பை அணைத்துவிட்டுக் கையோடு தூக்கிக்கொண்டு ஓடிவந்திருக்கவேண்டும். எந்த மனுஷியும் அதைத்தான் செய்வாள். அவள் அணைக்கவில்லை. நின்றாள். இரண்டு விசில்தான் வந்திருந்தது, இன்னும் ஒன்று வரவேண்டும், இப்போது எடுத்தால் சோறு வேகாமல் நறுக்கரிசியாக நிற்கும், பால் கொடுத்துப் பசிக்கிறவளுக்கு அது இறங்காது. இடிக்கிறவர்கள் வெளியே நிற்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் நின்றாள், தினமும் நிற்கிற மாதிரி, பாப்பாவைத் தட்டிக்கொண்டு, வெயிட்டைப் பார்த்துக்கொண்டு.

அப்போது முதல் விசில் அடித்தது. இந்த வீட்டில், இந்த அடுப்பில். தூளியில் பாப்பா உதட்டைச் சப்புக்கொட்டிவிட்டு மறுபடி தூங்கிற்று. பியூலா சுவரைப் பிடித்துக்கொண்டாள். இந்தப் பொம்பளை குரல் கேட்டு அழுதுட்டேன் என்று எத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள். அழுது அழுது போட்டிருந்த பொம்மைகள். இந்த அம்மா இப்ப எங்க இருக்காங்க என்று ஒரு பெண், அம்மா என்று, அவளைவிட மூத்தவளாக இருப்பாள். அவர்கள் எல்லாரும் அழுகிற இடத்தில் அவள் சிரித்தாளே. சிரித்தாள் என்பது மட்டும் இப்போது எங்கிருந்தோ தனியாக வந்து நிற்கிறது, எதற்குச் சிரித்தாள் என்பது இல்லாமல். வீடு போகிற அன்றைக்குச் சிரித்தவள் என்று தெரிந்தால் இவர்கள் என்ன எழுதுவார்கள். நடிகை என்று சொன்னவன்தான் கெட்டிக்காரன் என்பார்கள். இல்லை, அவள் மட்டும் சிரிக்கவில்லை, வெளியே நின்றவர்கள் சிரித்தார்கள், மூட்டைமேல் உட்கார்ந்திருந்த லில்லியக்கா சிரித்தாள், சாலமோன் போனைப் பிடித்துக்கொண்டே சிரித்தான், மேலே இருந்து அந்த ஆளும். வெள்ளையாக ஒரு பல் வரிசை, தூசிக்கு நடுவில். எதற்கு. எல்லாரும் ஒரே சமயத்தில் எதற்குச் சிரிப்பார்கள். ஏதாவது கேட்டிருக்கவேண்டும். எல்லாருக்கும் ஒரே சமயத்தில் ஒன்று கேட்டால்தான் எல்லாரும் சிரிக்கமுடியும்.

இரண்டாவது விசில் அடித்தது. நீளமாக, வீடு முழுக்க. அது அடித்து ஓய்ந்த இடத்தில் அவளுக்குப் புரிந்தது, புரிந்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டாள். விசில். உள்ளே அவள் நின்ற அந்த மூன்றாவது விசில். அது கரை முழுக்கக் கேட்டது, அதற்குத்தான் எல்லாரும் சிரித்தார்கள், ஊரே இடிந்துகொண்டிருக்கிறது, உள்ளே ஒருத்தி சோறு வேகிறதா பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று. வண்டி உறுமிக்கொண்டிருந்தால் அந்த விசில் எப்படிக் கேட்டிருக்கும். பக்கத்தில் நின்று கத்தினாலே கேட்காத சத்தம் அது. வண்டி நின்றிருந்தது. நின்றுதான் இருந்தது. அந்த அமைதி இப்போது அவளுக்குத் திரும்ப வந்தது, தண்ணீருக்குள் தலை மூழ்கின மாதிரி ஒரு அமைதி, கால்வாயில் காக்கா கத்தியது, ஆபீசர், என்னய்யா நிறுத்திட்ட, எடுய்யா வண்டிய என்று சத்தம் போட்டது, சோறு வேவுது சார், வரட்டும் என்று மேலே இருந்து அவர் சொன்னது. சொன்னாரே. அவ்வளவையும் எடுத்துவிட்டு ஒட்டியிருக்கிறார்கள். ஆமாக்கா. ஆஃப் பண்ணிச்சுக்கா. இப்போது வருகிறது, யாரும் இல்லாத அறையில், அழகாக.

வந்தது, ஆனால் அதோடு இன்னொன்றும் வந்தது. அவர் நிறுத்தினார். அவள் குக்கரைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள், சாலமோன் ஓடிப்போய் அடுப்பையும் சிலிண்டரையும் எடுத்துவந்தான், அப்புறம் அவர் சாவியைத் திருகி வண்டியைக் கிளப்பி வீட்டை இடித்தார். நன்றாக இடித்தார். பாப்பா பிறந்த வீடு, சாலமோன் இரண்டு மழைக்காலம் தாங்கும்படி ஒவ்வொரு கல்லாக எடுத்துக் கட்டின சுவர், ஒரு தள்ளு, அவ்வளவுதான். அதையும் அவர்தான் செய்தார், வேறு யாரும் வந்து செய்யவில்லை. அப்படியென்றால் அண்ணான்னு கூப்பிட்டும் இடிச்சான் என்பது பொய்யா. பொய் இல்லை. கூப்பிட்டாள், இடித்தார். நிறுத்தினார் என்று சொன்னால் இடித்தது குறைந்துபோய்விடுமா. ஒரு விசில் நேரம் நின்றதுக்காக வீட்டை விட்டுக்கொடுத்த மாதிரி ஆகிவிடுமா. மாடி வீடு கிடைத்ததே என்று எழுதினவன், பார்த்தியா டிரைவரே நல்லவன், எல்லாம் நல்லபடியாத்தான் நடந்திருக்கு என்று கையைத் தட்டுவானா. சாலமோன் பீரோவுக்குள் முகத்தைவிட்டுக் கத்துகிற கத்தலெல்லாம் வீணா. அவள் தலையைப் பிடித்துக்கொண்டாள். சொன்னால் ஒரு பக்கம் சரிகிறது, சொல்லாவிட்டால் ஒரு பக்கம் சரிகிறது. இவ்வளவு பேர் இவ்வளவு எழுதியிருக்கிறார்களே, ஒருத்தராவது இதற்கு என்ன செய்வது என்று எழுதியிருக்கக்கூடாதா. போனை எடுத்துத் தள்ளிப் பார்த்தாள். நெருப்பு. நெருப்பு. மண்டையோடு. ஆல்பம் பத்துக்கு ஏழு. பத்துக்கு ஒன்பது. அந்த அம்மா குரலுக்காக ஒரு பாயிண்ட் அதிகம்.

படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது, இழுத்து இழுத்து வைக்கிற நடை, கேன் தூக்கித் தூக்கி ஒரு தோள் இறங்கின நடை. அவள் எழுந்து, ஏன் என்று தெரியாமல், அடுப்பை நன்றாகக் குறைத்து சிம்மில் வைத்தாள். மூன்றாவது விசில் இப்போது வரவேண்டாம்.

சாலமோன் உள்ளே வந்து தூளியைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, சாயங்காலம் சீக்கிரமே வண்டி அனுப்பறானாம், நீ அந்தப் பச்சைப் புடவை கட்டிக்கோ என்றான். தோளில் சட்டை ஈரமாக ஒட்டியிருந்தது. அவள் தட்டை எடுக்கவில்லை.

"செண்பகம் வந்துச்சு," என்றாள். "டிரைவர் அண்ணன் சம்சாரம்."

அவன் சட்டைப் பொத்தானில் வைத்த கையை எடுக்கவில்லை. அவன் கேட்கக்கேட்க அவள் சொன்னாள், அவ்வளவு நீளமாக அவனிடம் அவள் பேசி வெகுநாளாகியிருந்தது, குரல் நடுநடுவே காற்றாகப் போயிற்று, போனாலும் விடவில்லை. கேட்டு முடித்துவிட்டு அவன் சொன்னதெல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. பாட்டில் யார் பெயரும் இல்லை. அவரை அனுப்பினவர்களைத்தான் பாட்டு கேட்கிறது, அவரை இல்லை. அந்தப் பையன்கள் முட்டாள்கள், அவர்களை எழுதச்சொன்னது யார். வண்டியை நிறுத்தின இடத்தையும் வைக்கலாம் என்று அவனும் நிரஞ்சனிடம் சொன்னான், வைத்துப் பார்த்தார்களாம், அங்கே பாட்டு செத்துப்போயிற்றாம், சொன்ன உடனே விழுந்தால்தான் விழும். அப்புறம் மெதுவாக, தூளியைப் பார்த்துக்கொண்டே சொன்னான், "இடிக்கலியா அவரு?"

"இடிச்சாரு," என்றாள். "நான் வரேன். வந்து சொல்றேன்."

அவன் நிமிர்ந்தான்.

"சொன்ன ஒடனே நீங்க யாரும் அடிக்கக் கூடாது. சும்மா நிக்கணும்."

"எவ்ளோ நேரம்?"

பியூலா அடுப்பைப் பார்த்தாள். "இத எடுத்துகினு வரேன். அரிசி போட்டு, அடுப்போட. விசில் வர்ற வரைக்கும்."

அவனுக்குச் சிரிப்பு வந்தது, அது பாதியில் நின்றது. கூட்டம் சும்மா இருக்காது பியூலா என்றான். மைக் செட்டு போயிடுச்சுன்னு நினைப்பான், ஊளை விடுவான், தண்ணி பாட்டிலத் தூக்கி எறிவான், உனக்குத் தெரியாது. தெரியவில்லைதான். அவ்வளவு ஜனம் ஊளையிட்டால் பாப்பா அழும். அன்றைக்கும் ஆபீசர் கத்தினாரே.

"செண்பகம் அக்காவையும் கூட்டினு வரணும்," என்றாள். "முன்னாடி நிக்கணும் அது."

"சரி, விசில் வந்துச்சு. அப்புறம்?"

"அப்புறம் இடிங்க," என்றாள் பியூலா. "அவரும் அப்புறந்தான் இடிச்சாரு."

சாலமோன் சுவரில் சாய்ந்து நின்றான். அவன் விரல்கள் தொடையில் தானாகத் தட்ட ஆரம்பித்தன, அவனை அறியாமல் எண்ணுகிற தட்டல், எந்த இடத்தில் விழவேண்டும் என்று அவனுக்குத் தெரிந்த அந்த எண்ணிக்கை. அது முடிந்தது. மறுபடி முதலிலிருந்து தட்டினான், முடிந்தது. குக்கர் சும்மா இருந்தது. சிம்மில் எரிகிற அடுப்பு, எப்போது என்று யார் சொல்லமுடியும். மூன்றாவது தடவை பாதியில் விரல்கள் நின்றுவிட்டன. அவன் கை தொடைமேல் விரிந்தபடி கிடந்தது. இரண்டு பேரும் வெயிட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.